பழுது கடிதத்தில் இல்லை

"ஃபைல் பழுதாப் போயிட்டுது அக்கா. அனுப்பினவங்ககிட்ட திரும்ப அனுப்பச் சொல்லுங்க."

இதைச் சொல்ல எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. சொல்லிவிட்டு அடுத்தவருக்குப் போட்டோ கொப்பி எடுக்கத் திரும்பிவிட்டேன். அந்த அரை நிமிடம் இன்னொருவருடைய இரண்டு நாட்களை விழுங்கியது என்பது வியாழக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது.

எங்கள் ஊர் வட்டகொடை. தலவாக்கலையிலிருந்து பூண்டுலோயா போகும் வழியில் வரும் சிறிய பஜார். கொழும்பிலிருந்து பதுளைக்குப் போகும் ரயில் தலவாக்கலையை விட்டு, கிரேட் வெஸ்டர்னுக்குப் போகுமுன் நிற்கும் நிலையம் எங்களுடையது. சுற்றிலும் தேயிலை மலை. அந்தப் பஜாரில் வாப்பாவுக்கு ஒரு புத்தகக் கடை இருக்கிறது. கொப்பி, பேனை, போட்டோ கொப்பி, டைப் செட்டிங் எல்லாம் அங்கே. கலியாணக் கார்ட், மரண அறிவித்தல், தோட்டத்து மக்கள் கொடுக்கும் மகஜர் என்று எல்லாவற்றையும் வாப்பாதான் தட்டச்சு செய்து கொடுப்பார்.

விடுதியிலிருந்து நான் விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் கடையில் நிற்பேன். கடந்த ஆகஸ்ட் விடுமுறையிலும் நின்றேன். சாதாரண தரப் பரீட்சையில் தகவல் தொழில்நுட்பப் பாடத்துக்கு 'ஏ' எடுத்தவள் என்பதால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. வாப்பாவின் பழைய கணினி போன வருடம் நின்றுபோய், புதிய மடிக்கணினி வந்திருந்தது. அதில் வாப்பாவின் பழைய எழுத்துருக்களை நான் போடவே இல்லை. "இந்தக் காலத்துல யாரு வாப்பா பாமினி பாவிக்கிற?" என்று கேட்டேன். வாப்பா பதில் சொல்லவில்லை. கொப்பிக்கட்டை எடுத்து அடுக்கத் தொடங்கினார்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம், மேற்கணக்கு லயத்து அக்கா ஒருவர் வந்தார். உயர்தரம் வரை படித்தவர். அப்பா படுக்கையில் விழுந்த பிறகு கொழுந்து எடுக்கப் போகிறார். முன்பள்ளி ஆசிரியைப் பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்தார். அந்த விண்ணப்பத்தை எங்கள் கடையில்தான் நிரப்பினார். மின்னஞ்சல் முகவரி என்ற கட்டம் வந்ததும் திகைத்து நின்றார். நான்தான் அவருக்கு ஒரு முகவரி திறந்து கொடுத்தேன். அந்த முகவரிக்கு முதன்முதலாக ஒரு கடிதம் வந்திருந்தது. திறக்கவில்லை.

"தங்கச்சி, இதத் தொட்டா ஏதோ இங்கிலீசுல சொல்லுது. தொறக்க மாட்டேங்குது."

போனை வாங்கிப் பார்த்தேன். இந்தக் கோப்பைத் திறக்க முடியாது என்று போன் சொன்னது. இரண்டு தடவை தட்டினேன், அதே பதில். கடையில் நாலு பேர் நின்றார்கள். பழுது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அந்த அக்கா திரும்ப யாரிடம் கேட்பார்? மின்னஞ்சலில் வந்த கடிதத்துக்குப் பதில் எழுதலாம் என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. முகவரி திறந்து கொடுத்த நானும் சொல்லவில்லை. புதன்கிழமை அவர் லயத்தில் படித்த ஒரு தம்பியிடம் காட்டியிருக்கிறார். "வைரஸா இருக்கும் அக்கா, அழிச்சிடுங்க" என்று அவர் சொல்லியிருக்கிறார். அழிக்க மனம் வராமல் வியாழக்கிழமை கொழுந்து நிறுத்து முடித்ததும், கால் கழுவியும் கழுவாமலும் மலையிறங்கி மறுபடியும் எங்கள் கடைக்கு வந்தார்.

"தங்கச்சி, கோச்சுக்காதீங்க. இன்னொருக்கா பாக்குறீங்களா?"

கோபித்துக்கொள்ள வேண்டியவர் அவர். என்னிடம் அவர் கெஞ்சிக்கொண்டு நின்றார்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். மலையகத்துக்கு வெளியே வளர்ந்த தோழிகளுக்கு இது தெரியாமல் இருக்கலாம். லயங்களில் வாழும் பெரும்பாலானோருக்கு வீட்டு இலக்கமும் வீதிப் பெயரும் கொண்ட முகவரி கிடையாது. தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர், தபாலகத்தின் பெயர், அவ்வளவுதான். ஒரே தோட்டத்தில் ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். கடிதங்கள் நெடுங்காலமாகத் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, அங்கிருந்து கைமாறித்தான் உரியவரிடம் போய்ச் சேர்ந்தன. நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு அழைப்புக் கடிதம் கையில் கிடைத்த கதை மலையகத்தில் பல வீடுகளில் உண்டு. 1885இல் நானுஓயா வரை ரயில் வந்தபோதே இந்தப் பக்கம் தபாலும் வேகமாக வரத் தொடங்கிவிட்டது. ஆனால் ஸ்டேஷனிலிருந்து லயத்துக்கு வரும் கடைசி ஒரு மைல்தான் எப்போதும் நீளமாக இருந்தது.

ஆகவே அந்த மின்னஞ்சல் முகவரிதான் அக்காவுக்கென்று கிடைத்த முதல் முகவரி. யாருடைய மேசையிலும் தங்காமல் கடிதம் நேராக அவர் கைக்கே வந்துவிட்டது. ஆனாலும் அவரால் அதை வாசிக்க முடியவில்லை.

இந்தத் தடவை ஸ்டூலை இழுத்துப் போட்டு அக்காவை உட்காரச் சொன்னேன். நானும் உட்கார்ந்தேன். ஏன் திறக்கவில்லை என்று கேட்டுக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினேன்.

முதலில் பார்த்தது கோப்பின் அளவு. மின்னஞ்சலில் இணைப்பின் பக்கத்தில் 412 கிலோபைட் என்று இருந்தது. போனில் இறங்கியிருந்த கோப்போ 96 கிலோபைட்தான். கால்வாசிதான் வந்திருக்கிறது. மேற்கணக்கு மலைக்குப் பின்னால் சிக்னல் வந்து வந்து போகும். இறங்கிக்கொண்டிருக்கும்போதே அறுந்திருக்க வேண்டும்.

கால்வாசி வந்தால் கடிதத்தின் கால்வாசியையாவது வாசிக்கலாமே என்று தோன்றும். அப்படி நடப்பதில்லை. புத்தகத்தில் பொருளடக்கம் முதல் பக்கத்தில் இருக்கும். வேர்ட் கோப்பிலும் பீ.டீ.எஃப். கோப்பிலும் அந்தப் பொருளடக்கம் கடைசியில் இருக்கிறது. எது எங்கே இருக்கிறது என்ற பட்டியல் வந்து சேராததால் கணினி எதையும் திறக்க மறுக்கிறது.

மின்னஞ்சல் முதலில் எழுத்துக்களை மட்டும் கொண்டுபோகப் பிறந்தது. படமும் ஒலியும் வேர்ட் கோப்பும் அதில் போக வழி செய்தது 'மைம்' என்னும் முறை. அதை வகுத்தவர்களில் ஒருவரான நத்தானியல் போரென்ஸ்டைன் 1992 மார்ச் 11ஆம் திகதி தன் பாட்டுக் குழுவின் படத்தையும் பாட்டையும் இணைத்து ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். இன்று நாம் அனுப்பும் இணைப்புகளுக்கெல்லாம் அதுதான் முன்னோடி. அந்த முறையில் கோப்பின் ஒவ்வொரு மூன்று பைட்டும் நான்கு எழுத்துக்களாக மாற்றப்பட்டுப் போகிறது. போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி மூன்றாக வேண்டும். இதனால்தான் 3 மெகாபைட் கோப்பு வழியில் ஏறக்குறைய 4 மெகாபைட் ஆகிறது. 25 மெகாபைட் வரை அனுப்பலாம் என்று சொல்லும் ஜிமெயிலில் 20 மெகாபைட் கோப்பே சிக்கிக்கொள்வதும் இதனால்தான்.

அக்காவின் போனில் கோப்பை மறுபடி இறக்க இடம் போதவில்லை. அதனால் வந்த மின்னஞ்சலை அப்படியே எங்கள் கடை முகவரிக்கு அனுப்பச் சொன்னேன். அப்படி அனுப்பும்போது இணைப்பு போனுக்கு இறங்கத் தேவையில்லை, மின்னஞ்சல் நிறுவனத்தின் கணினியிலிருந்தே போய்விடும். அவருடைய கடவுச்சொல்லையும் எங்கள் கணினியில் போட வேண்டியதில்லை. மடிக்கணினியில் இறக்கினேன். 412 கிலோபைட், முழுதாக வந்தது.

இருமுறை சொடுக்கினேன். எந்த மென்பொருளால் திறக்க வேண்டும் என்று கணினி என்னையே கேட்டது.

அடுத்த பூட்டு பெயரில் இருந்தது. அனுப்பியவர் கோப்புக்குக் 'கடிதம் இல. 3.7' என்ற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் ஒரு பெயர் வைத்திருந்தார். பெயரை மாற்றும்போது கடைசியில் இருந்த 'டொக்ஸ்' என்ற வால் அழிந்துபோயிருக்கிறது. கணினி பெயரில் வரும் கடைசிப் புள்ளிக்குப் பிறகு என்ன இருக்கிறது என்று பார்த்துத்தான் இது வேர்ட்டா, படமா, பாட்டா என்று முடிவு செய்கிறது. இங்கே புள்ளிக்குப் பிறகு '7' மட்டும் இருந்தது. '7' என்று ஒரு வகைக் கோப்பு அதற்குத் தெரியாது. செவ்வாய்க்கிழமை போன் சொன்னதும் இதைத்தான். அதை நான் பழுது என்று மொழிபெயர்த்துவிட்டேன்.

வால் இல்லாத கோப்பு என்ன வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதை நோட்பேடில் திறந்து முதல் இரண்டு மூன்று எழுத்துக்களைப் பார்த்தால் போதும். மற்றதெல்லாம் கிறுக்கலாக இருந்தாலும் தலை தெளிவாக இருக்கும். பீ.டீ.எஃப். கோப்பு சதவீதக் குறியோடும் அந்த மூன்று ஆங்கில எழுத்துக்களோடும் தொடங்கும். 2007ஆம் ஆண்டு வேர்ட் வந்த பிறகு உண்டான 'டொக்ஸ்' கோப்புகள் பீ, கே என்ற இரண்டு எழுத்துக்களோடு தொடங்கும். அவை 'சிப்' முறையில் சுருக்கிக் கட்டப்பட்டவை. அந்த முறையை உருவாக்கிய பில் காட்ஸ் என்பவரின் பெயரின் முதலெழுத்துக்கள்தான் பீயும் கேயும். எக்செல் கோப்பும் இதே எழுத்துக்களோடுதான் தொடங்கும் என்பதால் இன்னும் கொஞ்சம் கீழே பார்த்தேன். கிறுக்கல்களுக்கு நடுவே 'வேர்ட்' என்ற சொல் ஆங்கிலத்தில் தெரிந்தது. கோப்பின் பெயரோடு ஒரு புள்ளியும் 'டொக்ஸ்' என்ற வாலும் சேர்த்தேன். திறந்தேன்.

மேலே ஒரு மஞ்சள் பட்டி வந்தது. இணையத்திலிருந்து வந்த கோப்பு, கவனம் என்று சொல்லும் பட்டி. வாசிக்க மட்டும் என்றால் அதைத் தொடாமலே வாசிக்கலாம். பட்டிக்குக் கீழே கடிதம் இருந்தது.

கடிதம் முழுக்க ஆங்கில எழுத்து. ஆனால் ஆங்கிலம் இல்லை. அரைப்புள்ளியும் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் கலந்து கொட்டிக் கிடந்தன.

"தொறந்திருச்சா தங்கச்சி?" என்று கேட்டு அக்கா எழுந்து வந்து பார்த்தார். முகம் விழுந்துவிட்டது. "இங்கிலீசா?"

இலக்கங்கள் மட்டும் தெளிவாக இருந்தன. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. கடிதத்தில் மூன்று திகதிகள். ஒன்று போன வாரத்தது. ஒன்று அடுத்த மாதத்தது. நடுவில் இருந்த மூன்றாவது திகதி, நாளை மறுநாள் சனிக்கிழமை. பக்கத்தில் 8.30 என்று இருந்தது. எந்தத் திகதி எதற்கு? அடுத்த மாதம்தான் நேர்முகம் என்றால் பதறத் தேவையில்லை. சனிக்கிழமை என்றால் இடையில் வெள்ளி ஒன்றுதான்.

மஃரிப் தொழுதுவிட்டு வாப்பா பள்ளியிலிருந்து வந்தார். தொப்பியைக் கழற்றி மடித்தபடி என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தார்.

"இது பழுதாகல்ல மகள். இது பாமினி."

அடுத்து வாப்பா செய்ததை நான் அதுவரை பார்த்ததில்லை. இரண்டு கைகளையும் மேசைக் கண்ணாடியில் வைத்தார். திரையில் உள்ள ஆங்கில எழுத்துக்களைப் பார்த்து, அவற்றைத் தட்டுவதுபோல விரல்களை அசைத்தார். விரல் அசைய அசைய வாயில் தமிழ் வந்தது. "நேர்முகப் பரீட்சை... எதிர்வரும்..." என்று வாசித்துக்கொண்டே போய், "சனிக்கிழமை காலை எட்டரைக்கு. ஹட்டன்ல" என்று நிறுத்தினார்.

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

வாப்பாவால் எப்படி முடிந்தது என்பதை அன்றிரவு அவரே எனக்கு விளக்கினார். பாமினி ஒரு பழைய எழுத்துரு. இலங்கையில் பல வருடங்களாகக் காரியாலயங்களும் அச்சகங்களும் பாடசாலைகளும் அதைத்தான் பாவித்தன. அதில் தமிழ் எழுத்து உண்மையில் தமிழாகச் சேமிக்கப்படுவதில்லை. ஆங்கில எழுத்தின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தி வைத்திருக்கிறார்கள். 'அம்மா' என்று எழுத வேண்டுமானால் சின்ன எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தட்ட வேண்டும். பாமினி இருக்கும் கணினியில் அது 'அம்மா'. இல்லாத கணினியில் போர்வை விலகிவிடும், வெறும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் மிஞ்சும். புதிய மடிக்கணினியில் போர்வையைப் போடாமல் விட்டது நான். வாப்பாவின் விரல்களில் அது இருந்தது.

யூனிகோட் முறை இதற்கு நேர்மாறானது. 1991இல் அதன் முதல் பதிப்பு வந்தபோதே தமிழுக்கும் தனி இடம் கொடுக்கப்பட்டது. அதில் 'அ' என்ற எழுத்துக்கு 2949 என்ற இலக்கம். உலகத்தில் எந்தக் கணினியிலும் போனிலும் அது 'அ'தான், வேறு எந்த எழுத்தும் அந்த இலக்கத்தில் இல்லை. பாமினியில் எழுதிய 'அ'வையோ கணினி 109 என்று சேமிக்கிறது. அது ஆங்கிலச் சின்ன எம்முக்கு உரிய இலக்கம். யாரோ நல்ல தமிழில் எழுதிய கடிதம் போனுக்கு வந்ததும் ஆங்கிலக் கிறுக்கலாக மாறியதற்கு இவ்வளவுதான் காரணம்.

மறுபடி கடைக்கு வருகிறேன். திகதியையும் இடத்தையும் சொன்ன பிறகு வாப்பா வாசிக்கவில்லை. நான் "மிச்சத்தையும் வாசிங்க வாப்பா" என்றேன்.

"வேணாம். அது அவட கடிதம். அவ வாசிக்கட்டும்."

லாச்சியைத் திறந்து பழைய பென் டிரைவ் ஒன்றை எடுத்துத் தந்தார். நான் வேண்டாமென்று ஒதுக்கிய எழுத்துருக்கள் எல்லாம் அதில் இருந்தன. பாமினியைச் சொடுக்கி நிறுவினேன். வேர்டை மூடித் திறந்தேன். கடிதம் முழுவதும் தமிழாக வந்து நின்றது.

அச்செடுத்து அக்காவிடம் கொடுத்தேன். வெளிச்சத்துக்குக் கீழே நின்று சத்தம் இல்லாமல் உதடசைத்து வாசித்தார். தன் பெயர் எழுதியிருந்த இடத்துக்கு வந்ததும் ஒரு கணம் நின்றார். பிறகு கீழே போனார். "பொறப்புச் சான்றிதழ், பரீட்சை பெறுபேறு, கிராம சேவகர்கிட்ட வதிவிடச் சான்றிதழ்... எல்லாம் மூலப் பிரதி கொண்டுவரணும்னு போட்டிருக்கு மொதலாளி" என்றார். அடுத்த மாதத் திகதி பயிற்சி தொடங்கும் நாள்.

"நாளைக்கு ஒரு நாள் இரிக்கிதானே புள்ள" என்றார் வாப்பா.

"ஒரு பேர் போனாப் போகட்டும்" என்றார் அக்கா. ஒரு பேர் என்றால் ஒரு நாள் சம்பளம்.

செவ்வாய்க்கிழமை நான் ஒழுங்காகப் பார்த்திருந்தால் அவருக்கு மூன்று நாட்கள் இருந்திருக்கும். ஒரு நாள் சம்பளமும் போயிருக்காது. இதை அவர் சொல்லவில்லை. நாங்கள் அச்சுக்குக் காசு வேண்டாம் என்றபோதும் கேட்கவில்லை. இருபது ரூபாயை மேசையில் வைத்துவிட்டு, கடிதத்தைச் சேலைத் தலைப்புக்குள் வைத்து மழைக்கு மறைத்துக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை அலைந்து வதிவிடச் சான்றிதழை வாங்கிவிட்டார். சனிக்கிழமை இருட்டோடு தலவாக்கலைக்குப் போய், அங்கிருந்து ஹட்டன் பஸ் பிடித்தார். எட்டு மணிக்கே அங்கே நின்றாராம்.

அந்த முறை அவருக்குப் பயிற்சி கிடைக்கவில்லை. கதையில் எழுதுவதானால் கிடைத்தது என்று எழுதியிருப்பேன். நடந்தது அதுவல்ல. இடங்கள் குறைவு, வந்தவர்கள் அதிகம். அடுத்த முறை விண்ணப்பிக்கும்படி சொல்லி அனுப்பினார்களாம். நான் விடுதிக்குத் திரும்பும் முதல்நாள் கடைக்கு வந்து இதைச் சொன்னார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவர்தான் சொன்னார்: "பரவாயில்ல தங்கச்சி. போயி, பேசி, கெடைக்காம வந்தேன். கடுதாசிய வாசிக்காமலே போயிருந்தா அது வேற."

அன்றைக்கே அடுத்த விண்ணப்பத்தைப் பற்றிப் பேசினோம். வந்த மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுவது எப்படி, இணைப்பு திறக்காவிட்டால் பீ.டீ.எஃப். ஆக அனுப்பித் தரும்படி கேட்பது எப்படி என்று சொல்லிக் கொடுத்தேன். அவரே தட்டச்சு செய்து ஒரு பரீட்சார்த்தக் கடிதத்தை எங்கள் கடைக்கு அனுப்பினார். முகவரி திறந்து கொடுத்த நாளிலேயே நான் செய்திருக்க வேண்டிய வேலை அது.

தோழியரே, நம் வீடுகளில் கணினியும் போனும் தெரிந்தவர்கள் பெரும்பாலும் நாம்தான். உம்மாவும் சாச்சியும் பக்கத்து வீட்டு மாமியும் போனை நம்மிடம்தான் நீட்டுகிறார்கள். பழுது என்று நாம் சொன்னால் அவர்களுக்கு அது கடைசித் தீர்ப்பு. அதனால் அந்தச் சொல்லைச் சொல்லுமுன் சிலவற்றைப் பார்த்துக்கொள்வோம். கோப்பு முழுதாக இறங்கியிருக்கிறதா? பெயரின் வால் சரியாக இருக்கிறதா? திறக்கும் மென்பொருள் அந்தப் போனில் உண்டா? திறந்தும் கிறுக்கலாக இருந்தால் அது பாமினியா? எழுத்துருவைத் தேடி நிறுவ முடியாவிட்டால், கிறுக்கலை அப்படியே பிரதி எடுத்து இணையத்தில் உள்ள சுரதா எழுத்துரு மாற்றியில் போட்டால் யூனிகோட் தமிழாக மாறிவிடும். இவை எல்லாவற்றுக்கும் பத்து நிமிடம் போதும்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வைரஸ் என்று சொன்ன அந்தத் தம்பியைக் குறை சொல்ல முடியாது. திறக்கக் கூடாத இணைப்புகளும் உண்டு. 2000ஆம் ஆண்டு மே மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து புறப்பட்ட ஒரு மின்னஞ்சல் காதல் கடிதம் என்று பெயர் வைத்துக்கொண்டு உலகமெங்கும் போனது. இணைப்பின் பெயரில் இரண்டு வால்கள் இருந்தன. முதல் வால் சாதாரண எழுத்துக் கோப்பு என்று சொன்னது. அதன் பின்னால் இருந்த உண்மையான வாலை விண்டோஸ் வழக்கம்போல் மறைத்துவிட்டது. திறந்தவர்களின் கோப்புகளை அது அழித்ததோடு, அவர்களுடைய முகவரிப் பட்டியலில் இருந்த எல்லோருக்கும் தன்னையே அனுப்பியது. இன்று அதே தந்திரம் வெளிநாட்டு வேலை, பரிசு, வங்கிக் கணக்கு என்ற பெயர்களில் வருகிறது. நாம் எதிர்பார்க்காத இடத்திலிருந்து வந்ததும், திறக்கக் கடவுச்சொல் கேட்பதும், காசு கேட்பதும் தொடக்கூடாதவை. சந்தேகமாக இருந்தால் அனுப்பிய இடத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்துக் கேட்கலாம். அக்கா விண்ணப்பித்திருந்தார், பதிலுக்குக் காத்திருந்தார், கடிதம் அதே இடத்திலிருந்து வந்தது. அதனால்தான் அதைத் திறந்து பார்ப்பது சரியாக இருந்தது.

அனுப்புபவர்களுக்கும் ஒரு கடமை இருக்கிறது. நம்மில் சிலர் நாளைக்குக் காரியாலயங்களில் உட்கார்ந்து கடிதம் அனுப்பப் போகிறவர்கள். தமிழ்க் கடிதத்தை யூனிகோட்டில் எழுதினால் அது எந்தப் போனிலும் தமிழாகவே தெரியும். பாமினி விசைகளுக்குப் பழகிய விரல்களை மாற்றவும் தேவையில்லை. அதே விசைகளில் யூனிகோட்டாக எழுதித் தரும் என்.எச்.எம். ரைட்டர் போன்ற மென்பொருள்கள் இருக்கின்றன. வாப்பாவின் கணினியில் இப்போது அதுதான் இருக்கிறது. பழைய எழுத்துருவில்தான் எழுத வேண்டும் என்றால் பீ.டீ.எஃப். ஆக்கி அனுப்பலாம். எழுத்துரு அதற்குள்ளேயே சேர்ந்து போய்விடும். மிக முக்கியமான திகதியையும் இடத்தையும் மின்னஞ்சலின் உள்ளேயே இரண்டு வரியில் எழுதிவிட்டால் இணைப்பு திறக்காதவருக்கும் செய்தி போய்ச் சேரும்.

ஹிராக் குகையில் நம் நபி (ஸல்) அவர்களுக்கு முதலில் இறங்கிய கட்டளை ஓதுவதைப் பற்றியது என்று சிறுவயதிலிருந்தே படிக்கிறோம். ஓதக் கற்றுக்கொண்டவருக்கு ஒரு பொறுப்பும் சேர்ந்தே வருகிறது. மற்றவருடைய கடிதம் நம் கையில் இருக்கும் வரை அது அமானிதம். அதை உரியவர் வாசிக்கும்படி செய்து கொடுக்க வேண்டும். அதற்கு மேல் அதில் நமக்கு வேலை இல்லை. உயர்தரம் படிக்காத என் வாப்பா அன்று இரண்டையும் செய்தார்.

இந்த விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது மேசைக் கண்ணாடிக்குக் கீழே ஒரு தாளைக் கண்டேன். பாமினியில் எந்தத் தமிழ் எழுத்துக்கு எந்த விசை என்று வாப்பா கையால் எழுதிய பட்டியல். கண் மங்கி வருகிறதாம், எனக்காக எழுதி வைத்தாராம். விடுதிக்கு வரும்போது அதைப் போட்டோ கொப்பி எடுத்துக் கொண்டு வந்திருக்கிறேன். பாதி எழுத்துக்கள் பாடமாகிவிட்டன.